ஸ்டாம்புல இருக்கிற குட்டி

கையெழுத்துதானே சார், போட்டுருவோம். அதுக்கென்ன அவசரம்? மொதல்ல டீயக் குடிங்க, ஆறிப்போகுது. லூர்து, அந்த ஃபேன இங்கிட்டுத் திருப்பி விடும்மா, சாருக்கு வேர்க்குது. கட்டில்ல நல்லா ஏறி உக்காருங்க. வலை கெடக்கேன்னு பாக்காதீங்க, காஞ்ச வலைதான், சட்டையில ஒட்டாது.

திருச்சியிலருந்து பஸ் மாறி பஸ் மாறி வந்திருக்கீங்க. பஸ் ஸ்டாண்டுல எறங்கி, சந்தியாகு வீடு எதுன்னு கேட்டிருப்பீங்க. "ஸ்டாம்பு சந்தியாகா?"ன்னு கேட்டுச் சிரிச்சிருப்பானுங்க. சிரிச்சானுங்களா இல்லையா, உண்மையச் சொல்லுங்க. தெரியும் சார் எனக்கு. இந்தக் குப்பத்துல ஒருத்தன் நல்ல சட்டை போட்டா அடுத்தவனுக்குப் பொறுக்காது. போன மாசம் வரைக்கும் நான் வெறும் சந்தியாகு. இப்ப மீன் ஏலத்துல நின்னாக்கூட, "ஸ்டாம்பக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கப்பா, ஒட்டிக்கப் போகுது"ங்குறானுங்க.

நான் ஒண்ணு கேக்கட்டுமா? நான் கையெழுத்துப் போட வேண்டிய இந்த ஸ்டாம்புக் கவரையெல்லாம் சேத்து என்ன சார் பண்ணுவீங்க? ஆல்பத்துல வைப்பீங்களா? ஒட்டி யாருக்கும் அனுப்ப மாட்டீங்களா? ஸ்டாம்புன்னாலே ஒட்டி அனுப்பத்தானே சார். சரி விடுங்க, அவங்கவங்களுக்கு ஒரு ஆசை. எங்க மாமனாரு சிகரெட்டுப் பெட்டி சேப்பாரு. அவரு சிகரெட்டே குடிக்க மாட்டாரு.

அந்தத் தாள இப்பிடிக் குடுங்க. நாலு ஸ்டாம்பு. இது மரகதப்புறா. இது தேவாங்கு, கண்ணப் பாருங்க, பயந்துபோய் முழிக்குது. இது பங்குனி ஆமை. இது நம்ம ஆவுளியா. நீங்க கடல்பசும்பீங்க, எங்களுக்கு ஆவுளியா. மேல என்ன எழுதியிருக்கு? "நம் மண்ணின் உயிர்கள் காப்போம்." ஆவுளியா மண்ணுல எங்க சார் இருக்கு, அது பாட்டுக்குக் கடல்ல கெடக்கு. நல்லாத்தான் வரஞ்சிருக்கு, இதுக்குப் படம் போட்ட பொண்ணு. வாலு சரி. மூஞ்சியும் அப்பிடியேதான், சுருக்கம் சுருக்கமா, பொக்கை வாயா. கைக்கு அடியில ஒட்டிக்கிட்டு வருதே, அது குட்டி. ஆமா, குட்டிதான். லென்ஸ வச்சு அத ஏன் சார் அம்புட்டு நேரம் பாக்குறீங்க?

பேப்பர்ல படிச்சீங்களா? "தாயையும் குட்டியையும் காப்பாற்றிய மீனவர்." ம். போட்டிருந்தானுங்க. வாரேன் சார், அதுக்கும் வாரேன். ஒண்ணொண்ணாச் சொன்னாத்தான் எனக்குச் சொல்ல வரும்.

மொதல்ல ஒண்ணத் தெரிஞ்சுக்கங்க. அன்னிக்கு வள்ளத்துல நான் மட்டும் இல்ல. என் மச்சினன் செங்கோலும் இருந்தான். லூர்தோட தம்பி. மீசை மொளைக்காத வயசுலருந்து என்கூடத்தான் கடலுக்கு வந்தான். நான் சுக்கான் புடிச்சா அவன் வலை விடுவான். கண்ணக் காட்டுனாப் போதும், புரிஞ்சுக்குவான். அப்பிடி இருந்த பய அன்னிலருந்து எங்கிட்ட பேசுறதில்ல. ஒரு வார்த்தை கெடையாது. என் வள்ளத்துல கால வைக்கிறதில்ல. அக்காளப் பாக்க வந்தாக்கூட வாசல்லயே நின்னு குழம்புச் சட்டியக் குடுத்துட்டுப் போயிருவான். நான் என்ன கொலையா பண்ணிட்டேன்? நீங்களே சொல்லுங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க.

ஆடி மாசம். கச்சான் காத்து அடிச்சுக்கிட்டிருக்கு. நாங்க திருக்கை வலை போட்டிருந்தோம். பெரிய கண்ணு வலை சார், கை உள்ள போய் வரும், திருக்கைக்குன்னே உள்ளது. விடியக்காலையில போய் இழுக்குறோம், வலை வரமாட்டேங்குது. பாறைதான் மாட்டிருச்சுன்னு நெனச்சேன். அப்பப் பாத்தா பக்கத்துலயே தண்ணி பொங்குது. புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. ஆவுளியா! வாலுல வலை சுத்திக்கிட்டு, மூஞ்சிய மட்டும் மேல தூக்குது. கெடா மாடு கணக்கா இருக்கு. பொட்டை அது. கைக்கிட்ட பால்காம்பு தெரிஞ்சுச்சு.

அந்தக் காலத்துலன்னா வள்ளத்துல கட்டி இழுத்துட்டு வந்து ஊரே பங்கு போட்டுத் தின்னுருக்கும். இப்ப யாரும் தொடுறதில்ல. ஊர்க் கூட்டத்துல வந்து வனத்துறை ஆபீசர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. வலையில விழுந்தா அறுத்து விட்டுருங்க, விடுறத செல்லுல படம் புடிங்க, வள்ளத்து நம்பரு தெரியட்டும், உங்களக் கூப்பிட்டு கௌரவிக்கிறோம்னு. மொதல்ல உசுரு, அப்பறந்தான் படம்னும் சொன்னாரு. சொன்னாரு, இல்லேங்கல. அந்த நேரத்துல எல்லாமா ஞாபகம் வருது?

போன வருசம் வடக்குக் குப்பத்துல அமலதாஸுன்னு ஒருத்தன். அவன் ஒரு ஆமைய விட்டதுக்குப் பொன்னாடை. ஆபீசர் பக்கத்துல நாக்காலி. அத டிவியில பாத்துட்டு லூர்து சும்மா திரும்பி என்னைய ஒரு தடவ பாத்தா. அம்புட்டுதான். ஒரு பொம்பள அப்பிடிப் பாத்தா ஆம்பளைக்கு எப்பிடி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?

செங்கோலு கத்தியப் புடிச்சுக்கிட்டு உடனே தண்ணியில குதிச்சுட்டான். "டேய் இருடா, இருடா, செல்ல எடுத்துக்குறேன்"ங்குறேன். பாலித்தீன் பையில சுத்தி, அதுக்கு மேல ஒரு பை சுத்தி வச்சிருந்தேன். பிரிச்சு எடுத்தேன். அமுக்குனா, மெமரி ஃபுல்லுங்குது. இடமில்லையாம். எதையாவது அழிச்சாத்தான் எடுக்குமாம். நான் என்னத்த அழிக்க? மொதல்ல தெரியுறது எம்பொண்ணு ஆக்னெஸ் சின்னப் பிள்ளையில கோயில்ல புதுநன்மை வாங்குன வீடியோ. அத அழிக்க மனசு வருமா? அடுத்தது எங்கம்மா கடைசியாப் பேசுனது. அதுவும் முடியாது. தள்ளித் தள்ளிப் பாக்குறேன், ஈரக்கை, தள்ள மாட்டேங்குது. "டேய் அறுத்துராத, வாலப் புடிச்சுக்கிட்டு இரு"ன்னு சொல்லிட்டுத் தேடுறேன். கடைசியில யாரோ அனுப்புன சமையல் வீடியோ ஒண்ணு, மீனுக்கு எப்பிடி மசாலாத் தடவுறதுன்னு. எங்களுக்குப் போய் மீனுக்கு மசாலா. அத அழிச்சேன்.

அப்பறமும் ஒரு தொந்தரவு. செங்கோலு நிக்கிற பக்கம் நம்பரு தெரியல. அத இந்தப் பக்கம் கொண்டு வாடான்னேன். அவன் என்னமோ கத்துனான். கச்சான் காத்துல ஒண்ணும் கேக்கல. சுத்தி வந்தான், நம்பரு தெரிஞ்சுச்சு, "பாக் கடல் மீனவர்கள் நாங்கள் ஆவுளியாவை விடுகிறோம்"னு சுத்தத் தமிழ்ல சொல்லி எடுத்தேன். அவன் அறுத்தான். வாலால ஒரு அடி அடிச்சுச்சு பாருங்க, எம்மேல ஒரு குடம் தண்ணி. போயிருச்சு. அந்த வீடியோவத்தான் எல்லாரும் பாத்தீங்க. பாட்டோட. பாட்டு ஆக்னெஸ் போட்டது. காத்துச் சத்தம் அதிகமா இருக்கு, மேல ஒரு நல்ல பாட்டாப் போடும்மான்னேன். ஒரிஜினலா? அது அழிச்சாச்சு சார். மெமரி பத்தல.

விழா புரட்டாசியில. வன உயிரின வாரம்னு வருமே, அதுல வச்சாங்க. டவுன்ல கல்யாண மண்டபம். லூர்து பட்டுச்சேலை. எனக்குப் புது வேட்டி. செங்கோலையும் கூப்பிட்டிருந்தாங்க, நாந்தான் அவன் பேரையும் குடுத்திருந்தேன். அத மறைக்கல நான். வந்தான். கடைசி வரிசையில, கதவுக்கிட்ட நின்னுக்கிட்டான். என்னைய மேடையில ஆபீசருக்கு ரெண்டு நாக்காலி தள்ளி உக்கார வச்சாங்க. எதுத்தாப்புல பெருசா ஒரு படம், மேல துணி போத்தி. அதத் தொறந்தாத்தான் ஸ்டாம்பு வெளியீடாம்.

துணிய இழுத்தாங்க. இந்தப் படந்தான் சார். இதே படம், ஆள் ஒசரத்துக்கு. தாயும் குட்டியும்.

குட்டி எப்பிடி வந்துச்சு? வீடியோவுல குட்டி இல்லையே. நான் யாருக்கும் சொல்லலையே. கதவுக்கிட்ட பாத்தேன். செங்கோலு படத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறான், வாயத் தொறந்தபடி. பாவிப்பய சொல்லிட்டான்னு நெனச்சேன். எல்லாத்தையும் சொல்லிட்டான், தெரிஞ்சுதான் வரஞ்சிருக்காங்க, இப்ப மேடையில வச்சுக் கேக்கப்போறாங்கன்னு. அப்பப் பாத்து மைக்கக் கையில குடுத்துட்டாங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க சந்தியாகுன்னு.

நான் என்ன பேசணும்னு வீட்டுல சொல்லிப் பாத்துட்டுப் போனதெல்லாம் வேற. வாயில வந்தது வேற. "தாய விட்டோம். குட்டியையும் பத்திரமா விட்டோம். ரெண்டும் சேந்துதான் போச்சு"ன்னேன்.

அய்யோ, அந்தக் கைதட்டு! மண்டபமே எந்திரிச்சுருச்சு. ஆபீசர் என்னையக் கட்டிப்புடிச்சுக்கிட்டாரு. பேப்பர்க்காரனுங்க ஓடியாறானுங்க. நான் கதவுக்கிட்ட பாத்தேன், செங்கோலக் காணோம்.

மேடைய விட்டு எறங்குனா, ஒரு பொண்ணு கண்ணுல தண்ணியோட எங் கையப் புடிக்குது. சேலம் பக்கம். பூர்ணிமான்னு பேரு. ஆவுளியாவப் பத்தியே படிக்குது, இங்கதான் வந்து தங்கியிருக்கு. இந்த ஸ்டாம்பு வரஞ்சதும் அதுதான். "அண்ணே, குட்டி இருந்துச்சா? நெஜமாவா? நான் உங்க வீடியோவப் பாத்துத்தாண்ணே வரஞ்சேன். தாய் மட்டும் தனியா இருந்தது என்னமோ மாதிரி இருந்துச்சு. சும்மா ஆசைக்கு ஒரு குட்டிய வரஞ்சுட்டேன். நெஜமாவே இருந்துச்சா!"ன்னு கேக்குது.

சும்மா ஆசைக்கு வரஞ்சுச்சாம். யாருமே சொல்லல சார். செங்கோலு வாயத் தொறக்கல. யாரும் எதையும் கேக்கல. நானாப் போய், நானா வாயக் குடுத்து, நானா மாட்டிக்கிட்டேன். அப்பவே, "இல்லம்மா, ஏதோ பதட்டத்துல சொல்லிட்டேன்"னு சொல்லியிருக்கலாம். அது மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. "இருந்துச்சும்மா, சின்னதா, அழகா"ன்னேன்.

அதோட முடிஞ்சிருந்தா உங்க கவர்ல எப்பவோ கையெழுத்துப் போட்டிருப்பேன். முடியல. இந்தப் பக்கத்துல ஆவுளியாக் குட்டியப் பாத்து ரொம்ப வருசம் ஆச்சாமே. குட்டி இருக்குன்னா அந்த எடத்தக் காப்பாத்தியே ஆகணுமாம். அந்தப் பொண்ணு ஆபீஸ் ஆபீஸா எழுதிப் போட்டுச்சு. அப்பறம் நம்ம ஊர்க் கூட்டத்துக்கே வந்துருச்சு. நம்ம ஆளுங்க லேசுல ஒத்துக்க மாட்டானுங்க. அன்னிக்கு என்னமோ ஒத்துக்கிட்டானுங்க. ஆவுளியா கடல்புல்லு மேயுற அந்த எடத்துல யாரும் வலை விடக்கூடாது, குட்டி பெருசாகுற வரைக்கும் சுத்திப் போயிக்கிறதுன்னு. எஞ்சினுக்கு எண்ணெய் கூடுதலாத்தான் ஆகுது. ஆனா எவனும் மொணங்கல. "நம்ம சந்தியாகு விட்ட குட்டில்ல"ங்குறானுங்க. கிண்டல் பண்ற வாயாலயே அதையும் சொல்றானுங்க.

நல்லதுதானே சார்? யோசிச்சுப் பாருங்க. நான் ஒரு வார்த்தை சொன்னதுல அம்புட்டுப் புல்லும் பொழச்சுக் கெடக்கு. எறாக் குஞ்சு, நண்டுக் குஞ்சு எல்லாம் அதுக்குள்ளதான் பெருகும். இப்ப போய் குட்டி இல்லேன்னா, மறுநாளே எல்லாவனும் அங்க வலையக் கொண்டு போயிருவான். அது யாருக்கு நல்லது? இதச் சொல்லித்தான் என் மனச நான் தேத்திக்கிட்டு வாரேன்.

ஆனா அந்தப் பொண்ணு தெனம் தேடுது சார். தெனம். வெள்ளனக் கெளம்பிப் போய், பொழுது சாயத்தான் வருது. ஒரு தொப்பி, தண்ணி பாட்டில், தொலைநோக்கி. மூஞ்சியெல்லாம் வெயில்ல உரிஞ்சு போச்சு. அதோட அக்காளுக்குப் பிரசவம், ஊருக்குக் கூப்பிட்டிருக்காங்க. "குட்டிய ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்"ன்னு போகாம கெடக்கு. வரும்போது இப்பிடித்தான் வாசல் வழியா வரும். "இன்னிக்கும் பாக்கலண்ணே. எங்கிட்டுப் போகும்ணே?"ன்னு கேக்கும். நான், "மேக்க போயிருக்கும்மா. ஆழத்துக்குப் போயிருக்கும்மா"ங்குறேன். மறுநாள் மேக்க போய்த் தேடுது. லூர்து அதுக்கு மீன் பொரிச்சுக் குடுக்குறா. அது, "எங்கண்ணன் சொன்னா சரியா இருக்கும்"னு சாப்புடுது.

அதக் கூட்டிட்டுப் போற வள்ளம் யாருதுன்னு நெனக்கிறீங்க? செங்கோலோடதுதான். அந்த வேலைய அவனே போய்க் கேட்டு வாங்கி ஓட்டுறான். தெனம் அதக் கூட்டிட்டுப் போய், அது கைகாட்டுற பக்கமெல்லாம் வள்ளத்தத் திருப்பி, இல்லாத குட்டியத் தேடுறான். ஒரு வார்த்தை சொல்றதில்ல. சொன்னா அவன் அக்கா புருசன் மானம் போகும். அதுக்காக நாக்க மடிச்சு வச்சுக்கிட்டு இருக்கான். நான் சொன்னேன்ல, எங்கிட்ட பேச மாட்டேங்குறான்னு. அவன் யாருகிட்டயுமே பேசுறதில்ல சார் இப்ப.

என்ன கேட்டீங்க?

ஆமா. இல்லாத குட்டி.

லூர்து, நீ அடுப்படிக்குப் போம்மா. போ. சாருக்கு இன்னொரு டீ போடு.

காத்துல கேக்கலன்னு சொன்னேன்ல. கேட்டுச்சு சார். நல்லாக் கேட்டுச்சு. "மச்சான், கீழ இன்னொண்ணு இழுக்குது. சின்னது. செல்லக் கீழ போடு மச்சான், வலையத் தூக்கு"ன்னு கத்துனான். பாட்டுப் போடும்போது ஆக்னெஸும், "மாமா என்னமோ கத்துறாரேப்பா"ன்னு கேட்டா. காத்துதாம்மா, பாட்டப் போடுன்னேன். நான் வலையத் தூக்கியிருந்தா அது மூச்சு வாங்கியிருக்கும். குட்டி தாய மாதிரி தம் கட்டாது. சடக்கு சடக்குன்னு மேல வந்து மூச்சு வாங்கிக்கிட்டே இருக்கணும். நாலு கை வேணும், எனக்கு ரெண்டு கையும் செல்லுல இருந்துச்சு. எத அழிக்கிறதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஒரு நிமிசம்டா, ஒரு நிமிசம்டான்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அப்பறம் நம்பரு தெரியணும்னு சுத்தி வரச் சொன்னேன் பாருங்க, அதுலதான் வலை இன்னும் முறுக்கியிருக்கும்னு அவன் சொன்னான். வீடியோ எடுத்து முடிச்சு, தாய் போன பெறகு மிச்ச வலைய இழுத்தோம். வந்துச்சு.

எம்புட்டு பெருசுங்குறீங்க? ஒரு பிள்ளை அளவு. அந்தக் கைக்கு அடியில வரஞ்சிருக்கே, அப்பிடியேதான் இருந்துச்சு. பாக்காமயே எப்பிடித்தான் வரஞ்சுச்சோ அந்தப் பொண்ணு. வாயில கொஞ்சம் நுரை. அவன் மடியில போட்டுத் தடவிக் குடுக்குறான், மூக்குல ஊதிப் பாக்குறான். எந்திரிக்கல. கரைக்குக் கொண்டு போய்ச் சொல்லிருவோம் மச்சான்னான். நாந்தான் மாட்டேன்னேன். கேஸ் ஆயிரும், உள்ள வச்சிருவான்னு சொன்னேன். கேஸெல்லாம் ஆயிருக்காது சார். தானா விழுந்ததுக்கு யாரு கேஸ் போடுவா. கையில வீடியோ இருந்துச்சு. அது கெட்டுப்போயிருமேன்னு இருந்துச்சு எனக்கு.

மணல் திட்டுக்குக் கொண்டு போய், அவன் கையாலயே தோண்டிப் பொதச்சான். நான் வள்ளத்துலயே உக்காந்திருந்தேன். வீடியோ சரியா வந்திருக்கான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.

இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. பாவசங்கீர்த்தனத்துலகூட, பொய் சொன்னேன் சாமின்னுதான் சொன்னேன், என்ன பொய்யின்னு சொல்லல. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னு தெரியல. நீங்க நாளைக்குத் திருச்சியில இருப்பீங்க, அதனாலயா இருக்கும்.

இல்ல சார், அதுமட்டுமில்ல. நேத்து ஒண்ணு நடந்துச்சு.

நேத்து பொழுது சாயுற நேரம் அந்தப் பொண்ணு ஓட்டமா ஓடியாருது. "அண்ணே, தாயப் பாத்துட்டேன்! வாலுல வலை அறுத்த தழும்பு இருக்கு, அதேதான்! இன்னிக்குப் பூரா ஒரே எடத்துக்கே வருதுண்ணே. மேல வருது, சுத்திச் சுத்திப் பாக்குது, மறுபடி முங்குது. மேயக்கூட இல்ல. குட்டி கீழதான் இருக்கு, அதான் விட்டுப் போக மாட்டேங்குது. நாளைக்கு எப்பிடியும் பாத்துருவேன்"ங்குது. அப்பிடி ஒரு சந்தோசம் அது மூஞ்சியில. லூர்தக் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஆடுது.

அது போன பெறகு செங்கோலு வந்தான். வாசல்ல நிக்கல, உள்ளயே வந்தான். நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துக்கு முன்னால நின்னான். அன்னிலருந்து இன்னிவரைக்கும் அவன் எங்கிட்ட பேசுன ஒரே பேச்சு இதுதான். "மச்சான், நம்ம வலை போட்ட அதே எடம்"ன்னான். பானையில தண்ணி மோந்து குடிச்சான். போயிட்டான்.

புல்லு இருக்கு, மேய வருதுடான்னு அவன் முதுகப் பாத்துச் சொன்னேன். வேற எதுக்குடா வரும்னேன். திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் சார். அந்தத் தாய் அங்கயே சுத்திக்கிட்டு இருக்கு. தண்ணிக்குள்ள போய்த் தேடுது, மேல வந்து தேடுது. இந்தப் பொண்ணு ஒரு பக்கம் தேடுது. ரெண்டு பேத்துக்கும் நாந்தான் பதில் சொல்லணும். அதுக்கு என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. இந்தப் பொண்ணுக்குச் சொல்லலாம்.

சொன்னா என்ன ஆகும்னு எல்லாம் யோசிச்சுட்டேன். பேப்பர்ல மறுபடி போடுவானுங்க. உங்க கவருக்கெல்லாம் மதிப்புக் கெடையாது. ஊருக்காரனுங்க காறித் துப்புவானுங்க, வலையத் தூக்கிக்கிட்டு மறுபடி அங்கயே போவானுங்க. ஆக்னெஸ் காலேஜுல என்ன சொல்லுவாளோ. லூர்து... அவளுக்குத் தெரியும்னுதான் நெனக்கிறேன். நேத்து அந்தப் பொண்ணு கட்டிப்புடிச்சப்ப அவ சிரிக்கல. தம்பி மூஞ்சியப் பாத்து எதையோ புரிஞ்சுக்கிட்டா. இப்பவும் பாருங்க, டீ போடப் போனவ கதவுக்குப் பின்னால நிக்கிறா. நிக்கட்டும்.

அந்தா, எஞ்சின் சத்தம் கேக்குதா? செங்கோலோட வள்ளந்தான். அவன் எஞ்சின் கடைசியில ஒரு இருமல் இருமும். இன்னிக்கு வெள்ளனத் திரும்பிட்டாங்க. அந்தப் பொண்ணு வள்ளத்து முன்னால, அணியத்துலயே நிக்கிது பாருங்க, கரை வரதுக்குள்ள குதிச்சிரும் போல. நம்ம வீட்டப் பாத்துக் கையாட்டுது.

பேனாவ மூடி வைங்க சார். கையெழுத்தெல்லாம் அப்பறம், அதுக்குப் பெறகும் உங்களுக்கு வேணும்னு தோணுனா. எந்திரிங்க. செருப்பு வேணாம், மணலு சுடாது இப்ப.

எங்கூட கரை வரைக்கும் வாங்க சார். பக்கத்துல சும்மா நின்னாப் போதும், நீங்க ஒண்ணும் பேச வேணாம். தனியாப் போனேன்னா, "குட்டி நல்லாருக்கும்மா, நாளைக்குப் பாத்துருவே"ன்னு சொல்லிருவேன்.